எல்லாக் கைகளையும் இறக்கு

அழுகிய கறியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, கையோடு போய்ச் சாப்பிட உட்காரக்கூடிய ஆள் நான். சமையல்காரர்களுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். புழு, பூஞ்சை, கரப்பான் முட்டை, வடிகுழாயில் சேரும் கொழகொழப்பு என்று எல்லாவற்றையும் பெரிதுபண்ணிப் படம் காட்டுவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'சோப்பு மேடம்' என்று பெயர். நான் சாமானியத்தில் முகம் சுளிக்க மாட்டேன் என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு சொல்லப்போவது புரியும்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் புது அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். புது அறை என்று பேர்தான். எங்கள் பயிற்சி மையம், மூடிப்போன ஒரு கேட்டரிங் கம்பெனியின் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தது. சனிக்கிழமை செய்முறை வகுப்புக்கு அவர்களுடைய பெரிய சமையலறை. வார நாட்களில் ஆன்லைன் வகுப்பு எடுக்க எனக்கு ஒதுக்கியது, அவர்கள் ஒரு காலத்தில் இறைச்சி வைத்திருந்த குளிர் அறை.

"சத்தமே வராது மேடம். உங்களுக்குன்னே கட்டின மாதிரி இருக்கு" என்றார் மேலாளர்.

ஜன்னல் கிடையாது. கதவு ஒரு சாண் கனம். குளிர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் கூரையில் கறி தொங்கவிடும் கம்பி அப்படியே இருந்தது. ஒரு மேசை, கம்ப்யூட்டர், நாற்காலி, காதில் மாட்டும் ஹெட்செட். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்டது.

எங்கள் பயிற்சி பாதி ஆன்லைன், பாதி நேரில். நாற்பது பேர். எல்லாரும் ஏதோ ஒரு சமையலறையில் வேலை செய்கிறவர்கள். சான்றிதழ் வாங்கினால்தான் வேலையில் நீடிக்க முடியும் என்பதால் வந்தவர்கள். அவர்களை உட்காரவைப்பது பெரிய பாடு. மேலாளருக்கு ஒரே மந்திரம், பங்கேற்பு சதவீதம். யார் கேமராவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், யார் கேள்விக்குப் பட்டன் அமுக்குகிறார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று ஒரு கம்ப்யூட்டர் நிரல் கணக்குப் பார்க்கும். மொத்த வகுப்பும் எழுபதுக்குக் கீழே போனால் நாற்பது பேருக்கும் சான்றிதழ் கிடையாது. எனக்கும் அடுத்த வகுப்பு கிடையாது.

ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் தன் போட்டோவைக் கேமரா முன்னால் ஒட்டிவைத்துவிட்டுத் தூங்கப் போனார். பேக்கரிக்காரர் ஒருவர், தான் தலையாட்டுவதைப் பத்து நிமிடம் படம் எடுத்து அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே காதை அதே மாதிரி சொறிந்ததில் மாட்டிக்கொண்டார். காதில் பூ சுற்றுவதில் கில்லாடிகள். அதனால் நானும் கெடுபிடியாக இருந்தேன். கேமராவை மூடக்கூடாது. மைக்கை நான்தான் திறப்பேன், அவர்களால் திறக்க முடியாது. நாற்பது சமையலறையின் கடாமுடா சத்தத்தை யார் கேட்பது? பேச வேண்டியவர் திரையில் இருக்கும் மஞ்சள் கைப் படத்தை அமுக்க வேண்டும். அந்தக் கை என் திரையில் தெரியும். தோன்றினால் மைக்கைத் திறப்பேன்.

வகுப்பு முடிந்ததும் நான் மட்டும் வெளியேறிவிடுவேன், இணைய அறையை மூட மாட்டேன். மூடினால் மறுநாள் நாற்பது பேரையும் ஒவ்வொருவராக உள்ளே விடவே அரை மணி போய்விடும். இது என் வழக்கம். நல்ல வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

சூப் மாஸ்டர் என்று ஒருவர் அந்த வகுப்பில் இருந்தார். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபது வருஷமாகச் சூப் போடுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. இந்தப் பயிற்சிக்காக ஒரு மாசம் விடுப்பு வாங்கிக்கொண்டு, தன் அறையில் பெரிய டேப்லெட் ஒன்றைச் சார்ஜரில் போட்டு நிறுத்திவைத்து, தலை வாரி, சட்டையில் எல்லாப் பட்டனும் போட்டு உட்காருவார். அவருடைய அக்காதான் அவரை இதில் சேர்த்துவிட்டார். அந்த அக்காவும் அதே வகுப்புதான். ஒரு ஆபீஸ் கேன்டீனை நடத்துகிறவர், எல்லாருக்கும் கேன்டீன் அக்கா.

சூப் மாஸ்டர் சந்தேகம் பிடித்த மனிதர். முந்தின வாரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை தூக்கினார். அகப்பையை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்பதில் மட்டும் நாலு கேள்வி. எனக்குப் பொறுமை போயிருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தத் திங்கள், மூன்று மணிக்குச் சற்று முன்னால், எல்லாரையும் பட்டன் அமுக்கவைக்கும் ஒரு கேள்வியை ஓடவிட்டிருந்தேன். சதவீதம் அறுபத்தெட்டில் நின்றது. அப்போது நாலாவது வரிசையில் மஞ்சள் கை ஒன்று முளைத்தது. சூப் மாஸ்டர்.

எனக்கு ஒரு பட்டன் உண்டு. 'எல்லாக் கைகளையும் இறக்கு' என்று போட்டிருக்கும்.

அமுக்கினேன். கை மறைந்தது. ஆறு நிமிடம் கழித்து மறுபடியும் வந்தது. அமுக்கினேன். மூன்றாம் தடவை வந்தபோது மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"சூப் மாஸ்டர், கை வலிக்கப்போகுது. கடைசில கேளுங்க."

சாட்டில் சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. நான் அமுக்கினேன். அதற்கப்புறம் அவர் கை தூக்கவில்லை. கடைசியில் கேட்கச் சொன்னவள், கடைசியில் கேட்க மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை குளிர் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது. ஆறிப்போன எலும்புச் சாறு இரண்டு நாள் மூடியே கிடந்தால் வருமே, அந்தப் புளித்த, இனித்த நாற்றம். துப்புரவு அக்காவைக் கூப்பிட்டேன்.

"எங்கயோ எலி செத்துக் கிடக்கு. தேடிப் பாருங்க."

அவர் மேசையை நகர்த்தி, மூலையெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஒரு வாசமும் இல்லையே மேடம். உங்களுக்கு ஜலதோஷமா?"

அன்றைய பாடம், சமைத்த பண்டம் வெளியில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது. அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம். அதற்குமேல் கெட ஆரம்பிக்கும். நாற்பது கட்டங்களையும் ஓட்டமாகப் பார்த்தேன். சூப் மாஸ்டர் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, தாடை நெஞ்சில் பட, கேமராவையே பார்த்தபடி அசையாமல் இருந்தார். பத்து நிமிடம் கழித்தும் அப்படியே. இருபது நிமிடம் கழித்தும் அப்படியே.

போட்டோ வைத்துவிட்டார், இவருமா என்று நினைத்தேன். அதுவும் நேற்று எடுத்த போட்டோவை, அதே சட்டையில். எவ்வளவு மட்டமான புத்தி என்று மனசுக்குள் திட்டினேன். புகார் எழுத விரல் வைத்தேன். அப்போதுதான் அவருடைய சதவீதம் கண்ணில் பட்டது. நூறு. கேமரா திறந்தே இருந்ததால் நிரல் அவருக்கு அள்ளிக் கொடுத்திருந்தது. அந்த ஒரு நூறு, மொத்த வகுப்பையும் எழுபதுக்கு ஏற்றிவிட்டிருந்தது.

விரலை எடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

புதன்கிழமை நாற்றம் கூடியது. கட்டத்தில் அவர் கன்னம் கொஞ்சம் பச்சை தட்டியிருந்தது. டேப்பின் கேமரா மட்டரகம் என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு நடுவில் நிரல் தானாகவே ஒரு அறிவிப்பை அனுப்பியது. இந்த வாரத்தின் சிறந்த பங்கேற்பாளர், நாற்பத்தெட்டு மணி நேரம் இடைவிடாத வருகை, சூப் மாஸ்டர். கூடவே ஒரு தங்க நட்சத்திரம்.

நான் அதைச் சத்தமாக வாசித்தேன். எல்லாரும் கைதட்டும் படம் போட்டார்கள். கேன்டீன் அக்கா சாட்டில் எழுதினார். "என் தம்பி."

பக்கத்தில் மூன்று பூ.

வியாழக்கிழமை என் திரையில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

நான் இருக்கும் அறையில் ஈயா! ஒரு காகிதத்தை எடுத்து வீசினேன். அசையவில்லை. துடைத்தேன். நாலாவது வரிசையில் அது பாட்டுக்கு நடந்தது. நகத்தால் சுண்டினேன். நகம் கண்ணாடியில் பட்டது, ஈ நடந்துகொண்டே இருந்தது. சூப் மாஸ்டரின் வாய் ஓரத்திலிருந்து மேலே ஏறி, மூக்குத் துவாரத்தின் விளிம்பில் நின்று, கால்களைத் தேய்த்துக்கொண்டது.

பிறகு உள்ளே போனது.

திரைக்குமேல் ஈ எதுவும் இல்லை.

அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினேன். தொழில் பழக்கம், கை தானாகச் செய்தது. திறந்திருந்த கண்களில் பளபளப்பு இல்லை, ஏடு படிந்திருந்தது. உதடு பிதுங்கி, அதன் கீழே ஏதோ வடிந்து தாடையில் காய்ந்திருந்தது. காலர் பட்டன் கழுத்துச் சதைக்குள் புதைந்து காணாமல் போயிருந்தது. வயிறு சட்டையை முட்டிக்கொண்டு நின்றது. இடது கை மட்டும் டேப்பின் பக்கமாக நீண்டு, ஒரு விரல் திரையைத் தொட்டபடி இருந்தது.

அத்தனை படங்களைப் பார்த்தவள், நாற்காலிக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன்.

கேன்டீன் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் அனுப்பிய ஆட்கள் தம்பியின் வீட்டுக் கதவை உடைத்தார்கள். டாக்டர் சொன்னது இதுதான். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. வலது பக்கமும் பேச்சும் ஒரே நேரத்தில் போயிருக்கும். நினைவு கொஞ்ச நேரம் இருந்திருக்கும். நடந்தது திங்கள் மதியம், மூன்று மணி வாக்கில். யாராவது உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

மேலாளர் என் பதிவேட்டைப் பார்த்தார். எத்தனை மணிக்குக் கை தூக்கினார், யார் இறக்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கை தூக்கினது யாருக்கும் தெரிய வேண்டாம். நம்மள யாரும் கேக்கப்போறதும் இல்ல. திங்கள்லேர்ந்து வகுப்பு நடக்கட்டும்."

நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை செய்முறைச் சமையலறைக்குக் கேன்டீன் அக்கா வந்தார். தம்பியின் பேர் எழுதிவைத்திருந்த வெள்ளைக் கோட்டு அங்கே மாட்டியிருந்தது, அதை வாங்கிப் போக வந்தார். கோட்டை மடித்துக்கொண்டே பேசினார்.

"நானும் அதே வகுப்புலதான் இருந்தேன் மேடம். என் போன்ல உங்க முகம் மட்டுந்தான் தெரியும். அவன் பேர் பக்கத்துல பச்சைப் புள்ளி எரிஞ்சுட்டே இருந்துது. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சேன். ஒரு போன் பண்ணல." கோட்டைப் பைக்குள் வைத்தார். "கடைசியா உங்ககிட்ட ஏதாவது கேட்டானா?"

"இல்லக்கா. அமைதியா பாடம் கேட்டுட்டு இருந்தார்."

"அப்ப கஷ்டப்படாம போயிருக்கான்."

"ஆமாக்கா."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று அந்தக் கையை எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது.

திங்கட்கிழமை பழைய இணைய அறையை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தேன். முப்பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். கேன்டீன் அக்கா அன்று வந்திருந்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் கேன்டீனை மூடிவிடுவார்கள், அவர் என்ன செய்வார்? கடைசி ஆளையும் விட்டபிறகு மேலே எண்ணிக்கையைப் பார்த்தேன்.

நாற்பது.

கடைசி வரிசையில் ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. பெயர் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூலையில் மஞ்சள் கை முளைத்தது.

அந்த ஆளை வெளியேற்றும் பட்டனை அமுக்கினேன். எண்ணிக்கை முப்பத்தொன்பது ஆனது. மூச்சு விட்டேன். மறுபடி நாற்பது. கை தூக்கியபடியே இருந்தது.

ஹெட்செட்டிலிருந்து அந்த நாற்றம் வந்தது. காதுக்குமேல் இருக்கும் பஞ்சு ஈரமாக இருப்பது போல் தோன்றியது. கழற்றிப் பார்த்தேன். பழுப்பாக, நூல் நூலாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பஞ்சையே பிய்த்து எறிந்தேன். காதுக்குள் விரல் விட்டால் விரலும் பிசுபிசுத்தது.

வகுப்பை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று எல்லாரையும் மூன்று மூன்று பேராகச் சின்னக் குழு அறைகளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் பேசிவிட்டு வரச்சொன்னேன். மூன்றாவது நிமிடமே ஒரு குழு திரும்பி வந்துவிட்டது. பேக்கரிக்காரர் கை தூக்கினார். மைக்கைத் திறந்தேன். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"மேடம்... எங்க அறைல நாலு பேர் இருக்காங்க."

"மூணு பேரைத்தான் போட்டேன்."

"நாலாவது ஆள் பேச மாட்டேங்கறார். ஈ மொய்க்கிற சத்தம் மட்டும் வருது. நாங்க திரும்பிப் போக மாட்டோம் மேடம்."

ஒவ்வொரு குழுவாகத் திரும்பி வந்தது. எல்லாரும் அதையே சொன்னார்கள். எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் ஒரு ஆள் கூட இருந்திருக்கிறார். கடைசியாக வந்தவர் கேன்டீன் அக்கா. கை தூக்கினார். மைக்கைத் திறந்தேன்.

"அது அவன் மூச்சு மேடம்." அக்காவின் குரலில் அழுகை இல்லை. "மூக்கடைச்சா சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் விடுவான். எனக்குத் தெரியாதா?"

"அக்கா, இணைப்புல ஏதோ கோளாறு..."

"என் போன்ல இப்ப கறுப்புக் கட்டம் ஒண்ணு தெரியுது. கை தூக்கியிருக்கு. ஏன் திறக்க மாட்டேங்கறீங்க?"

நான் அந்தப் பட்டனை அமுக்கினேன். பழக்கதோஷம். எல்லாக் கைகளையும் இறக்கு.

ஒருநாளும் நடக்காத ஒன்று அப்போது நடந்தது. எல்லாருடைய திரையிலும், என் திரையிலும், ஒரு வரி வந்து நின்றது. 'உங்கள் பயிற்சியாளர் ஒரு கையை இறக்கினார்.' அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. மூன்றிலும் போன திங்கட்கிழமையின் தேதி. மூன்று மணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று நேரங்கள்.

முப்பத்தொன்பது பேரும் அசையாமல் இருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமான வகுப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

"அன்னிக்கும் கை தூக்கினானா?" அக்கா கேட்டார்.

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். நாக்கில் அந்தப் புளித்த ருசி ஏறியதும் பொய் நின்றுவிட்டது.

"ஆமாக்கா. மூணு தடவை. மூணு தடவையும் நான்தான் இறக்கினேன்."

கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பேக்கரிக்காரர் போனார், மற்றவர்கள் போனார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். அக்கா, நான், அந்தக் கறுப்புக் கட்டம்.

"மைக்கைத் திறங்க" என்றார் அக்கா.

திறந்தேன்.

முதலில் ஈக்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு தட்டு நிறைய. பிறகு, ஊறி உப்பிப்போன ஒரு நாக்கு அண்ணத்தில் ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டும் சத்தம். ச்சப். ச்சப். அந்த நாக்கு ஒரு சொல்லை உருட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வழுக்கி விழுந்தது. மறுபடி பிடித்தது.

"மே... டம்."

நான் காதைப் பொத்தினேன். ஹெட்செட்டைத்தான் பொத்தினேன், சத்தம் இன்னும் உள்ளே வந்தது.

"மேடம்... நான் பேசறது... கேக்குதா?"

"சொல்லுடா" என்று அக்கா கதறினார். "கேக்குதுடா, சொல்லுடா!"

அவர் கேட்டது அக்காவை அல்ல.

"மேடம்... கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

"மேடம்... கேக்குதா?"

"கேக்குது! கேக்குது மாஸ்டர்!"

"மேடம், பதில் சொல்லுங்க!" அக்கா அலறினார். "கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க!"

நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன், ஆனால் திரையில் என் முகம் வாய் மூடி அசையாமல் நின்றது. திரையின் அடியில் என் மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது. அமுக்கினேன். திறக்கவில்லை. நான் நடத்தும் வகுப்பு, என் அறை, என் கம்ப்யூட்டர். அதில் ஒரு வரி வந்தது. 'வகுப்பை நடத்துபவர் உங்கள் மைக்கை மூடியிருக்கிறார். பேச வேண்டுமானால் கை தூக்கவும்.'

தூக்கினேன். என் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கை வந்தது.

உடனே இறங்கியது.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். அக்காவின் கேன்டீன் நாலு தெரு தள்ளி. மதியம் மூன்று மணி, வெயில் கொளுத்தியது. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. அந்த அம்மாவின் தம்பி கேட்ட கேள்விக்கு, அந்த அம்மா காதுபட, ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் எனக்கு வேலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்.

கேன்டீனுக்குப் பின்னால் மளிகைச் சாமான் அறை. மாவு மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். எண்ணெய் டின்னில் போன் சாய்த்து வைத்திருந்தது. அறை அவ்வளவு சுத்தம், நான் வைத்திருந்தால்கூட அப்படி வைத்திருக்க மாட்டேன். நான் வாசலில் கால் வைத்ததும் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேடம், உங்க மேல என்ன இப்படி நாத்தம்?"

நான் நின்றுவிட்டேன். ஒரு வாரமாக நான் மட்டுமே முகர்ந்த நாற்றம் அது.

போனிலிருந்து குரல் வந்தது. பொறுமையாக, வகுப்பில் பேசுகிற அதே மரியாதையோடு.

"மேடம்... கேக்குதா?"

முட்டி போட்டு உட்கார்ந்து, போனுக்கு முன்னால் வாயைக் கொண்டுபோனேன். "கேக்குது மாஸ்டர். நல்லா கேக்குது."

ஈக்களின் சத்தம் சட்டென்று நின்றது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார், கன்னத்தில் நீர் வழிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். இவ்வளவுதானா, இந்த ஒரு வார்த்தைதானா என்று எனக்கும் அழுகை முட்டியது.

"அப்ப அன்னிக்கும் தெரிஞ்சுதா மேடம்?" என்றது குரல்.

நான் அக்காவின் பக்கம் திரும்பாமல் போனையே பார்த்தேன்.

"கை தூக்கினது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் மேடம் இறக்குனீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அகப்பையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று கேட்பாரே, அதே சந்தேகக் குரல். சதவீதம் அறுபத்தெட்டில் இருந்தது என்று சொல்வதா? உங்களைக் கண்டாலே எரிச்சல் என்று சொல்வதா? இரண்டும் உண்மை. இரண்டையும் அந்த அம்மா முன்னால் என்னால் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

"பரவால்ல மேடம்" என்றது குரல். "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கேன்."

போனை அணைக்கக் கை நீட்டினேன். அது ஏற்கெனவே அணைந்திருந்தது. பட்டனை அமுக்கிப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்து எப்போதோ செத்துப்போன போன்.

"இங்கயே இருக்கேன் மேடம்" என்று மறுபடி கேட்டது, மிகப் பக்கத்தில்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மூட்டைகளோடு ஒட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்திருந்தார். அவர் கண் போன் பக்கமே போகவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.